ஐப்பசி மழையும் நம் சைக்கிள் டயரும்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஆளாளுக்கு ரோபோ, மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது சைக்கிள் டயர். சிரிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் காலை எட்டரை மணிக்கு நம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வந்து பாருங்கள். முட்டியில் சேறு, முழங்கையில் சிராய்ப்பு, நனைந்து ஊறிய ரெக்கார்டு நோட்டு. பஸ் பாஸ் கையில் இருந்தும் நேரத்துக்குப் பஸ் வராத ஊர்க்காரர்கள் இவர்கள். பிளஸ் டூ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களிடம் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கும். மற்றவர்களிடம் அப்பாவோ மாமாவோ ஓட்டிய பழைய வண்டி. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். மழை வருது, ஒரே ஒரு டயர் வாங்கத்தான் காசு இருக்கு. எதை வாங்குவது, எந்தச் சக்கரத்தில் போடுவது?

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை நம்மில் பலர் படிப்பதே இல்லை. பழைய பெரிய சைக்கிளில் 28 x 1½ என்று இருக்கும். சிறிய சக்கர வண்டிகளில் பெரும்பாலும் 26 x 1⅜. கட்டைக் கம்பி வைத்த மலை வண்டி மாதிரி சைக்கிளில் 26 x 1.95 அல்லது 2.125. இரண்டிலும் 26 இருக்கிறதே என்று மாற்றி வாங்கினால் ஏறாது. பின்னத்தில் எழுதிய 26 x 1⅜க்கு ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். தசமத்தில் எழுதிய 26 x 1.95க்கு 559. ஆகவே 37-590 என்பது போலச் சின்னதாக அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். முன்னது அகலம், பின்னது ரிம் விட்டம்.

இனி எல்லோரும் ஏமாறுகிற இடத்துக்கு வருவோம். மழைக்கு ஆழமான வெட்டு உள்ள டயர்தான், அதாவது பட்டன் டயர்தான் நல்லது, அது தண்ணீரை வாரி வெளியே தள்ளும் என்று நினைக்கிறோம். காருக்கு இது சரி. அகலமான டயர் வேகமாகப் போகும்போது தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிடும். 1963ல் அமெரிக்காவின் நாசா, விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் கொடுத்தது. டயரில் உள்ள காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். நம் டயரில் 40 பி.எஸ்.ஐ. என்று வையுங்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! கச்சிராயபாளையம் இறக்கத்தில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் அந்த வேகம் வராது. போதாக்குறைக்கு சைக்கிள் டயர் குறுகல், அடியில் உருண்டை. தண்ணீரைத் தானே கிழித்துக்கொண்டு போகும். ஆக தார் ரோட்டில் வெட்டுக்கு வேலையே இல்லை. மாறாக, பட்டன் டயரில் ரோட்டைத் தொடுவது பட்டன்களின் உச்சி மட்டும்தான். வளைவில் சாயும்போது அந்தப் பட்டன் வளைந்து கொடுக்கும், நம்மையும் கவிழ்க்கும்.

அப்படியானால் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ரப்பரிலிருந்து. தார் ரோட்டின் மேல்பரப்பு சின்னச் சின்ன ஜல்லி முனைகள். மிருதுவான ரப்பர் அந்த முனைகளுக்கு ஏற்ப அமுங்கி, பள்ளத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று மெக்கானிக்ஸ் பாடத்தில் படித்தோமே, அது இரும்புக்கும் மரத்துக்கும் ஏறக்குறைய சரி. ரப்பர் அந்த விதிக்கு அடங்காத பிள்ளை. அழுத்தம் கூடினால் அதன் உராய்வுக் கெழு குறைகிறது. எனவே பரப்பு அதிகமானால் ரப்பருக்கு லாபம்.

அந்தப் பரப்பு எவ்வளவு? பின் சக்கரத்தில் 50 கிலோ பாரம் என்று கொள்வோம். 50 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 கிலோ. வகுத்தால் 14 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்த இடம் கூட இல்லை. அதே டயரை 70 பி.எஸ்.ஐ.க்கு அடித்தால் 10 சதுர சென்டிமீட்டர்தான். நம் உயிர் போய்வருவது இந்த இடத்தின் மேல்தான். கடைக்காரர் பம்பை வைத்துக் கல்லு மாதிரி அடித்துவிட்டு, "இனி ஒரு மாசத்துக்குக் கவலையில்லை தம்பி" என்பார். எங்கப்பா நெல்மூட்டை வைத்து ஓட்டுகிறவர், அவருக்கு அந்தக் கல்லு டயர் தேவை. நோட்டும் சாப்பாட்டு டப்பாவும் மட்டும் கொண்டு போகிற நமக்குத் தேவையில்லை. டயரில் அச்சிட்ட அதிகபட்ச அழுத்தத்தை விட மழை நாளில் கொஞ்சம் குறைவாக வைக்கலாம். ரொம்பக் குறைத்தால் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கு நடுவே நசுங்கி, பக்கத்து பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். வால்வு அடியும் கிழியும்.

மெல்லிய டயர் போட்ட கியர் சைக்கிள் வைத்திருக்கும் இரண்டொரு நண்பர்களுக்கும் இதே கணக்குதான். 700 x 23 டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு நம்ம ஊர் ரோட்டில் மழையில் வருவது வேண்டாத வேலை. ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28 அல்லது 32க்கு மாறிக்கொள்ளுங்கள்.

ரப்பர் மிருது என்றேன். கடையில் வெயில் படத் தொங்கவிட்ட பழைய சரக்கு புதுசு போலத்தான் தெரியும். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரைக் கெட்டியாக்கிவிடும். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்து திரும்ப வர வேண்டும். டயரைக் கொஞ்சம் வளைத்துப் பக்கவாட்டைப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பேருக்கு மயங்குவதை விட இந்தச் சோதனை மேல்.

இப்போது, ஒரே டயர் விஷயம். பின் டயர்தான் சீக்கிரம் தேயும். பாரமும் அங்கே, மிதிக்கிற விசையும் அங்கே. அதனால் நம் வழக்கம், புது டயரைப் பின்னால் போட்டுவிட்டு முன்னால் இருக்கிற கிழட்டு டயரை அப்படியே விடுவது. இது தலைகீழ். பின் சக்கரம் வழுக்கினால் பின்பக்கம் ஆடும், காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க அரை நொடி கூடக் கிடைக்காது. தாடை தரையில் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் டயருக்குத்தான். ஆகவே முன்னால் ஓடிய டயர் சுமாராக இருந்தால் அதைக் கழற்றிப் பின்னால் போடுங்கள். புதுசு முன்னால்.

நம்ம பக்கத்து ரோடுகளுக்குத் தனிக் குணம் உண்டு. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரும் மாட்டு வண்டியும் தோகையைச் சிந்திக்கொண்டே போகும். நனைந்த தோகை மேல் எந்த டயரும் நிற்காது. வயலிலிருந்து டிராக்டர் ஏறுகிற இடத்தில் களிமண் பூசி மெழுகியிருக்கும். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரைமணிதான் மோசம், எண்ணெயும் புழுதியும் குழம்பி மேலே மிதக்கும். சின்னசேலம் பக்கம் ரயில்வே கேட்டைக் குறுக்காக, தண்டவாளத்துக்கு நேர் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து வரும் நண்பர்களுக்குக் கதை வேறு. வெள்ளிமலைப் பக்கம் மார்கழியில் மழை விட்டும் பனியில் ரோடு ஈரமாகவே இருக்கும். வீட்டுக்குப் போவதோ மண் தடம். மண்ணில் பட்டன் நிஜமாகவே கடித்துப் பிடிக்கும். அவர்களுக்கு நடுவில் வழவழப்பான பட்டையும் ஓரத்தில் பட்டனும் உள்ள டயர் பொருத்தம். பட்டனுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது.

டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரிம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது, அதிலும் குரோம் பூச்சு போட்ட இரும்பு ரிம்மில். வளைவுக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

மழையில் பஞ்சர் அதிகம் ஆவதற்கும் காரணம் உண்டு. ஈர ரப்பரைக் கத்தி சுலபமாக வெட்டும். அதுபோலக் கண்ணாடிச் சில்லும் சீமைக்கருவேல முள்ளும் ஈர டயரில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கல்லூரி விட்டு வந்ததும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒட்டியிருப்பதைப் பிடுங்கிவிட்டால் பாதிப் பஞ்சர் மிச்சம். டயர் மாற்றும்போது ரிம் டேப்பையும் பாருங்கள். துருப்பிடித்த ஸ்போக் முனை உள்ளிருந்தே டியூபைக் குத்தும்.

இரண்டு சக்கரமும் கழற்றச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார், கூலியும் இரட்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை நாமே செய்யலாம். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், டியூபைக் கிழிக்கும். டயர் லிவர் இரண்டு போதும். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். பாதிக் காற்று அடித்து, டயரின் ஓரக்கோடு ரிம்மைச் சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். கடைசியாக வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாயை மாற்ற வேண்டும்.