ஒரே இணைப்பு, இரண்டு கணினி: அன்றும் இன்றும்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அன்றைய வீட்டு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. மோடம் கீச்சிட்டு இணைப்பைப் பிடித்ததும் வீட்டுத் தொலைபேசி எங்கேஜ்டு ஆகிவிடும். பின்னாளில் எட்டிய உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட்; ஒரு எம்.பி. கோப்பு இறங்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும்.

இவ்வளவு மெல்லிய இணைப்பைத்தான் இரண்டு கணினி வைத்திருந்த வீடுகள் பங்கிட்டுக்கொண்டன. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அதற்கு வழி செய்தது. இரண்டு கணினியிலும் லேன் கார்டு பொருத்தி, நடுவே கிராஸ் கேபிள் போட வேண்டும். ஒரு கணினி அனுப்பும் கம்பி மற்றது வாங்கும் கம்பியில் போய்ச் சேரும்படி, ஒரு முனையில் ஆரஞ்சு, பச்சை இணைகளை இடம் மாற்றிச் செருகிய கேபிள் அது. மோடம் உள்ள கணினி 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு மற்றதற்கு வழிவிடும். அதை அணைத்தால் அடுத்த அறையிலும் நெட் போய்விடும். ஒருவர் பாட்டு இறக்கினால் இன்னொருவருக்கு மின்னஞ்சல் திறக்காது. “அத்தைக்குப் போன் போடணும், நெட்டைக் கட் பண்ணுடா” என்று அம்மா சொன்னால் இருவரும் எழுந்துவிட வேண்டியதுதான். யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பதை வீடே பேசி முடிவு செய்தது.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் அகலக்கற்றையைத் தொடங்கியது. 256 கிலோபிட்தான் என்றாலும், போனும் நெட்டும் ஒரே நேரத்தில் இயங்கின. வைஃபை மோடம் வந்தபின் கிராஸ் கேபிளும் பரணுக்குப் போனது.

இன்று ஃபைபர் இணைப்பின் முனையில் உள்ள ரௌட்டர் என்னும் சிறு பெட்டி கைபேசி, டிவி, கேமரா அனைத்துக்கும் பங்கு பிரிக்கிறது. அடிப்படை முறை மட்டும் மாறவில்லை. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி; வெளியே எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. எந்தக் கருவி எதைக் கேட்டது என்று குறித்துவைத்து, வரும் பதிலை அதனிடமே பெட்டி சேர்க்கிறது. பழைய இணைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். ஆசிய-பசிபிக் பகுதிக்கான பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல இணையச் சேவை நிறுவனங்கள் இப்போது பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரியின் பின்னால் வைக்கின்றன. அன்று இரண்டு கணினிகள் செய்த பங்கீட்டை இன்று தெருவே செய்கிறது.

வேகமும் வசதியும் பெருகியது பெரிய நன்மை; சந்தேகமில்லை. ஆனால் இணைப்பில் யார் இருக்கிறார்கள் என்பது அன்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. எப்போதோ பாஸ்வேர்டு வாங்கிய விருந்தாளியின் கைபேசி இன்னமும் உள்ளே வந்துபோகலாம். இந்த வாரம் ஒருமுறை உங்கள் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். பெட்டியோடு வந்த நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை அமைத்துக் கொடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் செய்யுங்கள், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.