குற்றக்கதையும் அதன் முடிவும்

மன்னாருக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், சிலாவத்துறைக்கு அண்மையில் கொண்டச்சி என்னும் ஊர் உளது. அதன் குடாக்கடல் ஒரு காலத்தில் உலகறிந்த இடமாய் இருந்தது. முத்துச் சலாபம் கூடும் ஆண்டுகளில், ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே அம்மணல்வெளியில் சில நாட்களுள் எழும்பும்; சலாபம் முடிந்ததும் வந்த வேகத்திலேயே கலைந்து போகும். ஆங்கிலப் படையிற் பணிபுரிந்த றொபர்ட் பேர்சிவல் என்பார் 1803ஆம் ஆண்டு இலங்கையைப் பற்றி வெளியிட்ட நூலில் இச்சலாபத்தை வருணிக்கும்போது, அங்கு நடைபெற்ற ஒரு திருட்டு முறையையும் விளக்கியிருக்கின்றார். அழுகிய சிப்பியைக் கழுவும் கூலியாட்களுள் ஒருவன் கையில் பெரியதொரு முத்து அகப்பட்டுவிட்டதென வைத்துக்கொள்வோம். அவன் தன் கூட்டாளிக்குச் சைகை செய்வான். கூட்டாளி உடனே அற்ப விலையுள்ள வேறொரு முத்தை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒளிப்பான். காவலர் பாய்ந்து அவனைப் பிடிப்பர், அடிப்பர், அவனும் ஊர் அதிரக் கூச்சலிடுவான். அந்த ஆரவாரத்தில் உண்மைத் திருடன் பெருமுத்தை மறைத்துக்கொள்வான். பின்னர், அடிபட்டவனுக்கும் பங்கு உண்டு.

இன்று தொலைக்காட்சியிலே வாரந்தோறும் நாம் பார்க்கும் குற்றத் தொடர்கள் யாவும் இந்த உபாயத்தைத்தான் முதலாகக் கொண்டு வாணிகம் செய்கின்றன. சந்தேகத்துக்குரியவன் ஒருவனை ஆசிரியர் நம்முன் நிறுத்துகிறார். அவன் அடிபடுகிறான், அலறுகிறான். நாம் அவனையே நோக்கிக்கொண்டிருக்கையில் உண்மைக் குற்றவாளி ஓர் ஓரத்தில் அமைதியாகத் தேநீர் பருகிக்கொண்டிருக்கிறான். இவ்வாறு ஏமாற்றப்படுவதற்கு நாம் மனமுவந்தே அமர்கின்றோம். அப்படியாயின், தொடரின் இறுதிப் பகுதி முடிந்ததும் மக்கள் ஏன் சினங்கொள்கின்றனர்? ஏமாற விரும்பி வந்தவர் ஏமாந்த பின் முறையிடுவது நியாயமா?

இதற்கும் கொண்டச்சிக் கரையிலேயே விடை தேடலாம். அரசாங்கமே சலாபத்தை நடத்திய பிற்காலத்தில், சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவன் அவற்றை அழுகவிட்டு, கழுவி, அடியில் தங்கிய கசடையும் அரித்துப் பார்த்த பின்னரே தன் பணத்துக்குக் கிடைத்தது யாதென அறிவான். முத்து அகப்படாவிடின் தன் விதியை நொந்துகொள்வான். ஆனால் முத்து இருந்தது, கழுவும் வேளையில் அது களவு போயிற்று என்று கண்டானாயின், அவன் குரல் வேறு விதமாக எழும். முன்னது நட்டம், பின்னது வஞ்சனை. குற்றத் தொடரைப் பார்ப்பவரும் திறவாத சிப்பியையே வாங்குகின்றனர். முடிவு துயரமானது என்பதற்காகவோ, தாம் எண்ணியவன் குற்றவாளியாகவில்லை என்பதற்காகவோ அவர்கள் மனங்கசப்பதில்லை. கணக்கிற் காட்டப்பட்ட பொருள் கடைசியிற் காணாமற் போவதே அவர்களுடைய முறைப்பாடு.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஏ.எம்.சி. என்னும் தொலைக்காட்சி நிலையம் ‘தி கில்லிங்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. ‘குற்றம்’ எனப் பொருள்படும் பெயருடன் 2007இல் வெளிவந்த டென்மார்க்கு நாட்டுத் தொடரொன்றின் தழுவல் அது. சியாற்றில் நகரில் றோசி லார்சன் என்னும் இளம்பெண் கொலையுண்டாள், கொன்றவர் யார்? இந்த வினாவையே விளம்பரமாக நாடெங்கும் ஒட்டினர். டேனிய மூலத்தில் 20 பகுதிகளிற் கொலையாளி அகப்பட்டுவிடுகிறான். அமெரிக்கத் தழுவலின் முதற்பருவம் 13 பகுதிகள் கொண்டது. யூன் 19ஆந் திகதி இறுதிப் பகுதி வந்தது. தேர்தலில் நிற்கும் அரசியல்வாதி ஒருவர் கைது செய்யப்படுகிறார். அவருக்கு எதிரான சான்று, பாலமொன்றின் சுங்கச்சாவடியில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு புகைப்படம். துப்பறியும் பெண் அதிகாரி வழக்கு முடிந்ததென எண்ணி மகனுடன் விமானத்தில் ஏறி அமர்ந்திருக்கையில், அந்தப் பாலத்துக் கமராக்கள் பழுதுற்று நெடுநாளாயிற்று என்ற செய்தி வருகின்றது. படம் பொய். அதைக் கொண்டுவந்தவர் அவருடைய தோழராகிய அதிகாரியே. திரை மூடியது. கொன்றவர் யாரென்பது சொல்லப்படவில்லை.

பார்வையாளரும் விமரிசகரும் கொதித்தெழுந்தனர். முதற்பருவத்திலேயே விடை தருவதாகத் தாம் வாக்களிக்கவில்லை என்று தயாரித்தோர் கூறினர். சட்டப்படி அது சரியாயிருக்கலாம். ஆனால் ஒரு வினாவைச் சுவரெங்கும் எழுதிவிட்டு, 12 வாரம் மக்களை அழைத்துச் சென்ற பின், விடை தருவதாக எழுத்தில் யாம் கூறவில்லையே என்பது வட்டிக்கடைக்காரன் பேச்சு. அதனினும் பெரிய குறை மற்றொன்று. வாரக்கணக்காகப் பார்வையாளர் மெல்ல மெல்ல நேசிக்கக் கற்ற ஒரு பாத்திரம், கடைசி நிமிடத்தில், முன்னர் எவ்விதச் சாயையும் காட்டாமல் மோசடிக்காரனாக மாறிற்று. அடுத்த பருவத்தில் அச்செயலுக்கு வேறு விளக்கம் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. கொலையாளி யாரென்பது 26ஆம் பகுதியில், 2012 யூன் மாதத்தில் வெளிப்பட்டது. அதற்குள் பெருந்தொகையானோர் பார்ப்பதையே விட்டுவிட்டனர். நிலையத்தாரும் அவ்வாண்டிலேயே தொடரை நிறுத்தினர். பின்னர் 2013இல் உயிர்ப்பித்து, மீண்டும் கைவிட்டனர்.

கதையிலே ‘ஓட்டை’ என்று மக்கள் சொல்வது யாது என்பதை இவ்விடத்திற் சிறிது நுணுகி நோக்குதல் வேண்டும். ஏனெனில், பாத்திரங்கள் செய்யும் தவறுகள் எல்லாவற்றையும் ஓட்டை என்று தள்ளிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அது பிழையான அளவுகோல்.

நம் மொழியின் மிகச் சிறந்த குற்றக்கதை சிலப்பதிகாரம். அதிலே களவு இருக்கிறது, பொய்ச் சாட்சி இருக்கிறது, நிரபராதி கொலையுண்கிறான், வழக்குமன்றமும் சான்றுப் பொருளும் இருக்கின்றன. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு வார்த்தை வினவியிருந்தால் கதை அங்கேயே நின்றுபோயிருக்கும். அரசன் விசாரியாது ஆணையிட்டது ஓட்டையன்றோ என்று ஒருவர் கேட்கலாம். அன்று. ஊடல் கொண்ட தேவியிடம் விரைந்துகொண்டிருந்த அரசனின் மனநிலையை இளங்கோவடிகள் முன்னரே நமக்குக் காட்டிவிடுகிறார். தவறு அரசனுடையது, அத்தவறே கதை, அதற்குரிய விலையை அவன் அரியணையில் உயிர்விட்டுக் கொடுக்கிறான். தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்று அவன் வாயாலேயே சொல்கிறான். கொற்கைத் துறையை உடைய பாண்டியன் வேறு எதைச் சொல்லப் போகிறான்? கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கும்போது, தீர்ப்பைச் சொல்ல வேறொருவர் தேவைப்படவில்லை.

பாத்திரம் செய்த தவற்றுக்குப் பாத்திரமே விலை கொடுக்குமாயின் அது கதையின் தசை. ஆசிரியர் செய்த தவற்றுக்குப் பார்வையாளர் விலை கொடுக்க நேருமாயின் அது ஓட்டை. கமரா பழுதுற்றிருந்ததை அதிகாரிகள் முன்னமே விசாரியாமை பாத்திரத்தின் சோம்பலாயின் அதற்கு ஒரு காரணமும் விளைவும் இருத்தல் வேண்டும். கடைசி நிமிடத்துத் திடுக்கீட்டுக்காக ஆசிரியர் அச்செய்தியைப் பதுக்கி வைத்தாராயின் அதன் பழி அவரையே சாரும்.

இவ்வகையிற் பிறழ்ந்த ஒரு நாடகம் நம் முத்துக்கரையையே களமாகக் கொண்டு பாரிசு நகரில் அரங்கேறியது என்பதைப் பலர் அறியார். ஜோர்ஜ் பிசே என்னும் பிரெஞ்சு இசைமேதை தமது 24ஆம் வயதில் இசையமைத்த ‘முத்துக் குளிப்போர்’ என்ற இசைநாடகம் 1863 செப்ரெம்பர் 30ஆந் திகதி அங்கு மேடையேறிற்று. கதையை எழுதியோர் கோர்மோன், கார்ரே என்னும் இருவர். முதலில் மெக்சிக்கோவைக் களமாக எண்ணி, பின்னர் இலங்கைக்கு மாற்றினர் என்பதிலிருந்தே இந்தக் கரையைப் பற்றி அவர்கள் எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதை ஊகிக்கலாம். முத்துக் குளிப்போரைக் காக்க முகத்திரையிட்ட கன்னிகை ஒருத்தி பாறையில் நின்று பாடுகின்றாளாம். உண்மையிற் சலாபத்தில் இருந்தவர் ‘கடல்கட்டி’ எனப்பட்ட சுறா மந்திரக்காரர். வழிவழியாக அத்தொழிலைச் செய்து, தோணிகளிலிருந்து சிப்பியாகக் கூலி பெற்றார். அவரைக் கண்டிருந்தால் நாடகாசிரியர்கள் கன்னிகையை விட்டிருப்பர் என்றே தோன்றுகிறது.

கதை இது: சுர்கா, நதீர் என்னும் நண்பர் இருவரும் லெய்லா என்ற ஒரே பெண்ணை முன்னொரு காலத்திற் காதலித்தவர்கள். திரையிட்டு வந்த கன்னிகை அவளே. நதீர் குரலைக் கேட்டவுடன் அறிந்துகொள்கிறான். தலைவனாகிய சுர்காவோ, அதே குரலைக் கேட்டும் அறிந்திலன். விரதம் குலைத்த குற்றத்துக்காகக் காதலர் இருவரும் அகப்பட, திரை விலகியபோதுதான் சுர்கா அவளை அறிந்து, பொறாமையால் மரணதண்டனை விதிக்கிறான். சாகும் தறுவாயில் அவள் ஒரு கழுத்தணியைத் தன் தாயிடம் சேர்ப்பிக்கும்படி கொடுக்க, சிறுமியாயிருந்தபோது தன் உயிரைக் காத்தவள் இவளே என்று அவ்வணியால் உணர்கிறான். உடனே குடியிருப்புக்குத் தீவைத்து, மக்கள் தம் பிள்ளைகளைக் காக்க ஓடும்போது காதலரைத் தப்பவிடுகிறான். ஊரார் குடிசைகள் எரிந்ததைப் பற்றி ஒருவரும் அதற்குப்பின் பேசுவதாயில்லை!

முடிவு எவ்வாறிருத்தல் வேண்டுமென்று எழுதியோருக்கே தெளிவில்லை. ‘நெருப்பிற் போடுங்கள்’ என்று அரங்கத் தலைவர் கார்வாலோ சலிப்புடன் கூற, அதிலிருந்தே தீவைக்கும் முடிவு பிறந்தது என்றொரு வேடிக்கைக் கதை வழங்குகின்றது. நாடகம் 18 முறை ஆடப்பட்டு நின்றுவிட்டது. பிசே 1875இல் இறந்தார். 1886 முதல் அது மீண்டும் மேடையேறியபோது, முடிவைத் திருத்தப் பிறர் புகுந்தனர். ஒரு முடிவிற் சுர்கா குத்துண்டு மாண்டான். மற்றொன்றில் தீயில் வெந்தான். முதல் வடிவில் அவன் இறப்பதேயில்லை. காதலரின் பாடல் தூரத்தே தேய, தனித்து நிற்கின்றான். 1970களில்தான் பழைய இசைச்சுவடியைக் கொண்டு அம்முதல் முடிவை மீட்டனர். இத்தனை திருத்தங்களும் ஏன் பயன்படவில்லை என்றால், பழுது முடிவில் இல்லை. முதற் காட்சியில் இருந்தது. சுர்காவின் செவி ஏன் செவிடாயிற்று என்பதற்கு ஒரு வரி எழுதியிருந்தால், கடைசியில் அவனைக் குத்துவதா எரிப்பதா என்ற ஆராய்ச்சியே எழுந்திராது. நாடகத்தின் முடிச்சு நாடகத்துக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், பொறியினால் இறக்கப்படும் தெய்வத்தால் அன்று என அரித்தோத்தில் சொன்னதும் இதைத்தான்.

நம் மன்னார்க் கூத்தைப் பார்ப்போருக்கு இத்துன்பம் கிடையாது. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ நாடகத்துக்கு விடியும்வரை கண்விழித்திருந்தோர் முடிவை அறியாமல் வந்தவரல்லர். கதை தெரிந்தது, அண்ணாவியார் எவ்வாறு ஆட்டுவிக்கிறார், யார் எப்படிப் பாடுகிறார் என்பதே கேள்வி. குற்றக்கதை அந்த நிம்மதியை விட்டுக்கொடுத்து, அறியாமையை விற்கின்றது. ஆகவே அதன் ஆசிரியர் முடிவை முதலில் தீர்மானித்துக்கொண்டு பின்னோக்கி எழுத வேண்டியவராகிறார். தனி நூல் எழுதுவோருக்கு அது இயலும். தொலைக்காட்சித் தொடரிலோ, மறு பருவம் உண்டா இல்லையா என்பதை நிலையத்தார் தீர்மானிக்கின்றனர். முற்பகுதி ஒளிபரப்பாகும்போது பிற்பகுதி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தினால் வருமானம் நின்றுவிடும் என்ற அச்சமும் சேரும். அந்நிலையிற் கொலையாளியே இன்னாரென்று எழுதுவோருக்குத் தெரியாமலிருப்பதும் உண்டு. கொனன் டொயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தி முடித்தபோதும் வாசகர் சினந்தனர். அச்சினம் வேறு வகையானது. உடலை எவரும் கண்டிலர் என்று ஆசிரியரே எழுதியிருந்தார். ஆகையால் 1903இல் ஹோம்ஸ் உயிருடன் திரும்பியபோது, கணக்கிற் பெரிய பிழையொன்றும் ஏற்படவில்லை, வாசகரும் மன்னித்தனர்.

எல்லா வினாவுக்கும் விடை வந்தாலன்றி முடிவு நிறைவுறாது என்றும் கொள்ளற்க. 1906ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் அரசாங்க உத்தியோகத்தராய்ப் பணிபுரிந்த லெனாட் வூல்ப், அவ்வனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘முத்துக்களும் பன்றிகளும்’ என்னும் சிறுகதையை 1921இல் வெளியிட்டார். முத்துக்கரையின் கொட்டிலில் வெள்ளையன் ஒருவன் மதுவெறியில், தான் செய்த கொடுமைகளையெல்லாம் பிதற்றிக்கொண்டு சாகின்றான். அதே இரவில், கடலிலே இறந்த அராபியக் குளியாள் ஒருவனின் உடல் கரைக்குக் கொண்டுவரப்படுகிறது. அவன் தலைவர் மணலில் நின்று சில சொற்கள் கூறி அவனுக்கு விடைகொடுக்கிறார். கதையைக் கேட்டிருந்த ஆங்கிலேயருட் சிலர் அதை நம்பாமலே எழுந்து போகின்றனர். வெள்ளையனின் குற்றங்களை எவரும் விசாரிக்கவில்லை, எவரும் தண்டனை பெறவுமில்லை. ஆயினும் படித்து முடித்தவர் ஒருவரும் தம் முத்து களவு போயிற்றென்று முறையிட்டதாக நான் கேட்டதில்லை.