அம்முச்சியின் தட்டில் எத்தனை மில்லிகிராம்?

முழங்கால் வலி, இடுப்பு வலி என்று டாக்டரிடம் போய்வரும் அறுபது வயதுப் பெண்களிடம் விசாரித்தால், திருப்பூர் அருள்புரத்தில் மட்டுமல்ல, பல்லடம் ரோடு நெடுக ஒரே பதில்தான் வரும்: "ரத்தத்துல கால்சியம் பார்த்தாச்சுங்க, நார்மல்னு சொல்லிட்டாங்க."

அந்த ரிப்போர்ட்டை நம்பி, சாப்பாட்டில் போதிய கால்சியம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை கால்சியம் இருந்தாக வேண்டும். இதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் அது அவசியம். உணவில் வரத்து குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவைச் சரிக்கட்டிவிடும். உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு அந்த இருப்பு வேகமாகக் கரையத் தொடங்கும். அப்போதும் ரத்த ரிப்போர்ட் நார்மலாகவே வரும்.

அதனால் தட்டைத்தான் அளக்க வேண்டும். அது ரத்தம் எடுப்பதைவிடக் கஷ்டமான வேலை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2010இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கால்சியம் போதும் என்றது. 2020இல் அதை 1,000 ஆக்கியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. உண்மையில் கிடைப்பது எவ்வளவு? அதே நிறுவனத்தின் வீணா சத்ருக்னாவும் சக ஆய்வாளர்களும் ஐதராபாத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த, 30 முதல் 60 வயது வரையான 289 பெண்களை ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வெறும் 270 மில்லிகிராம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதைத் தாண்டிய, நடமாட்டத்தில் உள்ள 150 பெண்களில் பாதிப் பேருக்கு எலும்புப் புரை நோய் இருந்தது.

270 என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதிகம் பயன்படும் முறை, முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதையெல்லாம் கேட்டு எழுதுவது. 1972இல் தொடங்கி தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் உணவுக் கணக்கெடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பின் ஆட்கள், அளவு குறித்த கிண்ணங்களைக் கையோடு கொண்டுபோவார்கள். எவ்வளவு அரிசி போட்டீர்கள், வெந்த சோறு மொத்தம் எத்தனை கிண்ணம், அதில் உங்கள் பங்கு எத்தனை என்று கேட்டு, சமைத்ததைப் பச்சை எடைக்கு மாற்றி, உணவு அட்டவணையில் பொருத்திப் பார்ப்பார்கள்.

கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் ஒரு பாட்டியம்மாவிடம் டீயைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள். "நாலு டீ குடிப்பனுங்க" என்பார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் அது ஐந்தாகும். ஒரு கிளாஸ் 70 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பாதி பால், பாதி டிகாஷன் என்றால் நாலு டீயில் 140 மில்லி பால். அதில் சுமார் 165 மில்லிகிராம் கால்சியம். கடைக்காரர் கால் பங்குதான் பால் விடுகிறார் என்றால் கணக்கு 83க்கு இறங்கிவிடும். நாள் முழுக்க மொத்தமே 300ஐத் தொடாத ஒருவருக்கு இந்த வித்தியாசம் லேசானதல்ல. ஆனால் கணக்கெடுப்பவர் "டீ: 4" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

அடுத்தது களி. 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் பத்துக்கும் கீழே. வாரம் ஒருநாள் களி கிண்டும் வீட்டில் அன்றைக்குப் போய்க் கேட்டால் பாட்டி கிட்டத்தட்டத் தேறிவிடுவார். மறுநாள் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் சாப்பிட்ட கதையைக் கேட்டால் மோசமான பற்றாக்குறை. இரண்டுமே உண்மை, இரண்டுமே அவருடைய வழக்கம் அல்ல. ஒருநாள் கணக்கை வைத்து ஊரின் சராசரியைச் சொல்லலாம், ஒரு ஆளின் நிலையைச் சொல்லக்கூடாது. அதற்கு வெவ்வேறு நாட்களில் பலமுறை கேட்க வேண்டும். இல்லாவிட்டால் "மாதத்தில் எத்தனை தடவை" என்று கேட்கும் பட்டியல் வேண்டும். பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம். சீஸும் யோகர்ட்டும் இருந்து, ராகியும் முருங்கைக்கீரையும் எள்ளும் இல்லாத பட்டியல் இங்கே உதவாது. தேனி, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் பீகார், ஒடிசாக் குடும்பங்களும் இருக்கும் ஊர் இது; முள்ளோடு தின்னும் நெத்திலியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இதைவிட மோசமானது குடும்பக் கணக்கு. வீட்டில் மொத்தம் இவ்வளவு பால் வாங்கினார்கள் என்று எழுதி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8 என்ற விகிதத்தில் பிரித்துவிடும் முறை ஒன்று உண்டு. அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டில் பேரனுக்கு ஒரு டம்ளர், மகனுக்குக் காப்பி, மிச்சத்தில் தண்ணீர் விட்டு அம்முச்சிக்கு டீ என்று பிரியும் வீட்டில் அந்த 0.8 ஏட்டோடு சரி. வயதான பெண்களின் கால்சியத்தைக் குடும்பச் சராசரியில் தேடுவது வெட்டி வேலை என்றே எனக்குப் படுகிறது.

உணவு அட்டவணைக்கும் நம்மூர்ப் பக்கத்துக் கதை உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் குன்னூரில்தான் மெக்காரிசன் 1918இல் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958இல் அந்த ஆய்வகம் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. பழைய அட்டவணையில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு 440 மில்லிகிராம் கால்சியம். 2017இல் வந்த புதிய அட்டவணையில் 314. பழைய புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கீரை ஒன்றிலேயே பெரிய பிழை வரும்.

அட்டவணையில் ஏறாத இரண்டு சங்கதிகள் இங்கே உண்டு. ஒன்று, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பின் எடையில் 54 சதவீதம் கால்சியம். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு துப்பப்படுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்காக யாரும் வெற்றிலைபாக்கைத் தொடங்கிவிட வேண்டாம். பாக்கு, புகையிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது.

இன்னொன்று தண்ணீர். குடிநீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 200 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். போர்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இத்தகைய நீரில் இரண்டு லிட்டர் குடித்தால் 150 முதல் 400 மில்லிகிராம் வரை சேரும். தண்ணீரில் உள்ள கால்சியம் உடம்பில் நன்றாகவே சேருகிறது. இப்போது குடிப்பது கேன் தண்ணீர்; ஆர்.ஓ. அந்தக் கால்சியத்தைக் கிட்டத்தட்ட முழுக்க வடித்துவிடும். சாயக் கழிவு மண்ணில் இறங்கிய ஊரில் மறுபடி போர்த் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தத் தண்ணீர் என்று கேட்காத கணக்கு அரைகுறைக் கணக்குதான்.

வாயில் போவது எல்லாம் எலும்புக்குச் சேராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலில் உள்ள கால்சியத்தில் 28 சதவீதம்போல உறிஞ்சப்படும்போது, பாலக் கீரையில் 5 சதவீதம்தான் என்று ராபர்ட் ஹீனி குழு 1988இல் அளந்து காட்டியது. காரணம் கீரையில் உள்ள ஆக்சலேட். தானியங்களில் உள்ள பைட்டேட்டும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கால்சியம் மாத்திரை எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே பதிவேட்டில் ஆறு கேள்விகள் சேர்த்தால் போதும்: டீ எத்தனை, அதில் பால் எவ்வளவு, தயிர் மோர் உண்டா, ராகி வாரம் எத்தனை நாள், முருங்கைக்கீரை, எள், நெத்திலி எத்தனை தடவை, குடிப்பது எந்தத் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை இது. சுகாதாரத் துறை இதைத் திருப்பூர் மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.