நடுவில் நிற்பவர் நாயனக்காரர்... ஓரத்தில் நிற்பவர் யார்?

நெல்லை—

வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய கல்யாண போட்டோ ஒன்று கட்டாயம் இருக்கும். மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பேர் தெரியும். சம்பந்திக்குப் பேர் தெரியும். முன்வரிசையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கும் பேர் தெரியும்!

ஓரத்தில் நாயனமும் தவிலுமாக நாலைந்து பேர் நிற்கிறார்களே, அவர்கள் யார்?

“ஆச்சி, இவங்க யாரு?”

“மேளக்காரவுக...”

“பேரு?”

“பேரு தெரியலையேல. வீரவநல்லூர்ல இருந்து வந்தாவ.”

அதோடு சரி. போட்டோ மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். ஆனால் ஆச்சி சொன்னது சும்மா பேச்சு இல்லை. அதுதான் முதல் துப்பு!

சிலை ஒருவருக்கு

செங்கோட்டை ரயில் பாதையில் சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. 1921-ல் அங்கே பிறந்தவர்தான் நாதஸ்வர மேதை அருணாசலம். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டி போட்ட பாட்டைக் கேட்காத டீக்கடை உண்டா? 1964-ல் மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். ஆனால் மேளம் என்பது ஒற்றை ஆள் விஷயமா? இரண்டாவது நாயனம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் சேர்ந்தால்தான் மேளம். கல்யாணப் பத்திரிகையில் தலைவர் பேர் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றவர்கள் ‘குழுவினர்’! காலமெல்லாம் ஒத்து ஊதினவர் பேர் பெரும்பாலும் எந்த நோட்டீசிலும் வராது.

ஓரத்தில் நிற்பவரை லேசாக நினைக்கக் கூடாது. அருணாசலமே தன் குரு டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வாசித்து வளர்ந்தவர்தான்!

துப்பு துலக்கலாம்!

போட்டோவை உற்றுப் பார்த்தால் போலீஸ் நாய் இல்லாமலே துப்புக் கிடைக்கும்.

நாயனம் குட்டையாக இருந்தால் திமிரி. நீளமாக இருந்தால் பாரி. பாரி நாயனத்தைப் பிரபலமாக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை. அதனால் திமிரி என்றால் படம் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாயனம் மாதிரியே ஒன்று இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அதுதான் ஒத்து. பின்னால் சுருதிப் பெட்டி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒத்துக்காரர் நிற்கிறாரா? அதுவும் பழைய படத்துக்கு அடையாளம்.

தவிலைப் பாருங்கள். வளையமும் கயிறும் வாருமாக இழுத்துக் கட்டியிருந்தால் பழைய காலம். இரும்பு வளையமும் போல்ட்டும் இருந்தால் பிந்திய காலம்.

தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார். இடது கையில் கழி இருக்கும். படத்தில் இது மாறியிருந்தால்? அவர் இடது கைக்காரராக இருக்கலாம். அல்லது ஸ்டூடியோவில் நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். சட்டைப் பை எந்தப் பக்கம் என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். இதைக் கவனிக்காமல் ‘இடமிருந்து வலம்’ என்று எழுதினால் ஒருத்தர் பேர் இன்னொருத்தர் தலையில் விழும்!

கடைசியாக, அட்டையின் பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும்.

நியூயார்க்கில் 57 பேர்

1958 ஆகஸ்டில் நியூயார்க் ஹார்லெம் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் ஜாஸ் கலைஞர்கள் 57 பேரை நிறுத்திப் படம் எடுத்தார் ஆர்ட் கேன். உலகப் புகழ் பெற்ற படம் அது. 1994-ல் அதைப் பற்றி ஒரு டாக்குமெண்டரியே வந்தது. உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார்கள்.

வில்லி ஸ்மித் என்ற பியானோக்காரர் அன்றைக்கு நின்று அலுத்துப்போய்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். படத்தில் விழவில்லை. ஆனாலும் அவர் வந்திருந்தார் என்று பதிவாகிவிட்டது!

அங்கே படத்தில் விழாதவருக்கும் பேர் இருக்கிறது. இங்கே படத்தில் விழுந்தவருக்குப் பேர் இல்லை.

பென்சில் போதும்

அருணாசலம் மறைந்த 1964-ல் 20 வயதாக இருந்தவருக்கு இன்றைக்கு 80 தாண்டிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

செலவு ஒன்றும் இல்லை. செல்போனில் படம் எடுத்து, ஆச்சி சொன்ன ஊருக்குக் கொண்டுபோங்கள். கோவில் வாசலிலும் மேளக்காரர் வீடுகளிலும் காட்டுங்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடமும் கேட்டு உறுதி பண்ணுங்கள். பேர், ஊர், வாத்தியம், வருஷம் நாலையும் போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

உங்கள் குடும்பத்துத் தாலிக்குக் கெட்டிமேளம் கொட்டியவர் அவர். அவர் பேரை ஆச்சி இருக்கும்போதே கேட்டு வையுங்கள்!