2 தாளில் பிழைத்த பாட்டு!
எழுதியவர் யார்? எவருக்கும் தெரியாது!

லண்டன் மாநகரில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், 2 பழைய தாள்கள் இருக்கின்றன.

இரண்டே தாள்கள்தான்! ஆனால் இசை ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பொக்கிஷமாக மதிக்கிறார்கள்.

காரணம் என்ன?

கட்டைகளை விரலால் அழுத்தி வாசிக்கும் வாத்தியங்களுக்கு எழுதி, இன்று வரை அழியாமல் இருக்கும் இசையில் இதுதான் மிகப் பழையது! ஏறத்தாழ 1360-ம் ஆண்டில் எழுதியது.

"ஆர்கன்" வாத்தியத்துக்காக எழுதியது என்றே பலரும் கருதுகிறார்கள்.

10 பேர் மிதித்தார்கள்!

ஆர்கனில் ஆர்மோனியம் போல் கட்டைகள் உண்டு. ஆனால் ஓசை வருவது குழாய்களில் இருந்து. துருத்தியால் காற்றை அனுப்ப வேண்டும்.

ஜெர்மனியில் ஹால்பர்ஸ்டாட் நகரத்து மாதா கோவிலில் 1361-ல் ஒரு பெரிய ஆர்கன் செய்தார்கள். அதற்கு 20 துருத்திகள்! அவற்றை மிதிக்க 10 ஆட்கள்! 1619-ல் பிரேட்டோரியஸ் என்ற இசை அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

சிறிய ஆர்கன்களும் உண்டு. ஒருவர் துருத்தியை இயக்க, இன்னொருவர் வாசிப்பார்.

குதிரைக் கதை

2 தாள்களில் 6 இசைகள் உள்ளன. அவற்றில் 3, நடன இசை. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் முறை, முடியாதது போல் நிற்கும். இரண்டாவது முறை நிறைவாக முடியும்.

மற்ற 3-ம் வாயால் பாடும் பாட்டுகள். அவற்றைக் கட்டைகளில் வாசிக்கும்படி மாற்றி இருக்கிறார்கள். மேல் குரலில் வேகமான சின்னச் சின்ன ஸ்வரங்களைச் சேர்த்து அழகு செய்திருக்கிறார்கள்.

அதில் 2 பாட்டுகள், "போவேல்" என்ற பிரெஞ்சுக் கதையில் வருபவை. போவேல் ஒரு குதிரை. பெரிய மனிதர்கள் எல்லாம் ஓடி வந்து அதன் உடம்பைத் தடவிக் கொடுப்பார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பல்லை இளிப்போரைக் கேலி செய்யும் கதை அது!

தப்பியது எப்படி?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. 1538-ல், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், மடம் மூடப்பட்டது.

அந்த மடத்தின் பழைய பதிவேட்டோடு சேர்த்து, இந்த 2 தாள்களும் கட்டப்பட்டிருந்தன. பதிவேடு பிழைத்தது. அதோடு பாட்டும் பிழைத்தது!

ஆனால் முதல் இசைக்குத் தொடக்கம் இல்லை. கடைசி இசைக்கு முடிவு இல்லை. முன்னும் பின்னும் இருந்த தாள்கள் போய்விட்டன.

எழுதியவர் பெயரும் இல்லை.

ஆனாலும், 650 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், கலைஞர்கள் இதை வாசிக்கிறார்கள். மக்கள் கேட்டு மகிழ்கிறார்கள்.

பெயர் போய்விட்டது. பாட்டு நிற்கிறது!