பட்டாவும் பாதையும் – 17: குறுக்கே கிடக்கும் புறம்போக்கு

பக்கத்துத் தோட்டக்காரர் வழியை மறித்தால் என்ன செய்வது என்று போன வாரம் பார்த்தோம். பாகப்பிரிவினையும் அவசியப் பாத்தியமும் நினைவிருக்கும். இந்த வாரம் குறுக்கே கிடப்பது தனியார் நிலம் இல்லை. தார் ரோட்டுக்கும் நம் பட்டாவுக்கும் நடுவில் ஓடையோ மேய்ச்சல் நிலமோ, ஏதோ ஒரு புறம்போக்கு.

"சர்க்கார் நிலத்தில் நமக்கென்ன பாத்தியதை?" என்று பலரும் இங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். சோரவே வேண்டாம். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வாங்கியவர்களுக்கெல்லாம் தெரிந்தது 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவைத்தான் இந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பொதுச் சாலை, சந்து, நடைபாதை, பாலம், ஆற்றுப்படுகை, ஏரி, வாய்க்கால், ஓடும் நீர், தேங்கிய நீர், கடலின் அடித்தரை என்று அடுக்கிக்கொண்டே போய், தனியாருக்குச் சொந்தமானவை போக மீதி அத்தனையும் அரசின் சொத்து என்கிறது ஒரே வாக்கியம். அது முடிவதற்குள் ஒரு நிபந்தனை வருகிறது. வழிநடை உரிமை, பொது உரிமை, மற்ற நிலக்காரர்களின் பாத்தியம், சட்டப்படி நிலைத்திருக்கும் மாமூல் உரிமை எல்லாவற்றுக்கும் உட்பட்டுத்தான் அது அரசின் சொத்து! புறம்போக்கை அரசுக்கு எழுதிக்கொடுக்கும் அதே வாக்கியம் நம் வண்டித்தடத்தையும் காப்பாற்றுகிறது. நூற்றாண்டு தாண்டியும் இது ஊருக்குள் பரவவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

முதலில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். 'வண்டிப்பாதை' என்றே பதிவாகியிருந்தால் அது பொதுவழி. தனியாகப் பாத்தியம் நிரூபிக்கத் தேவையில்லை. ஓடை, மேய்ச்சல் என்றிருந்தால் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். தனியார் நிலத்தில் 20 ஆண்டு நடந்தால் போதும். அரசு நிலத்தில் 30 ஆண்டு. முன்பு 60 ஆக இருந்ததை 1963-இல் வந்த காலவரையறைச் சட்டம் பாதியாக்கியது. ஒளிவுமறைவின்றி, தடையின்றி, உரிமையோடு நடந்திருக்க வேண்டும். அனுமதி வாங்கி நடந்த ஆண்டுகள் கணக்கில் சேரா. வழக்குக்கு முந்தைய 2 ஆண்டுக்குள்வரை அந்த நடமாட்டம் நீடித்திருக்கவும் வேண்டும். அரசு மீது வழக்கென்றால் அதற்கு முன் 2 மாத நோட்டீஸ்.

இந்த ஈஸ்மென்ட் சட்டத்தை வரைந்த விட்லி ஸ்டோக்ஸ், பழைய ஐரிஷ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த மொழியறிஞர். சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று.

ஒன்றை மறக்க வேண்டாம். நடக்கும் பாத்தியம் இருக்கிறதென்று ஓடையில் மண்ணைக் கொட்டிக் குழாய் பதித்துவிடக் கூடாது. பாலம் வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் சிக்கிய பட்டாக்களை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; 1905 இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே கணக்கே வேறு. அதே 1882-இல் வந்த வனச் சட்டப்படி, காட்டைக் காப்புக்காடாக்கும்போதே வழிப் பாத்தியத்தைக் கேட்டுப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் காட்டின் அறிவிக்கை கிடைத்தால் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.