கணினிக்குத் தெரியாத விடுமுறை

2013 டிசம்பர் 4, புதன்கிழமை. நாட்காட்டியில் அது சாதாரண நாள்தான். சென்னையில் அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்கின. ஏற்காட்டிலோ எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவருக்கும் விடுதியில் அறை கூட்டுபவருக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை பெறும் உரிமை இருந்தது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு நாள் அது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்காளரான ஊழியருக்கு, தினக்கூலிக்காரர் உட்பட, அந்த உரிமையைத் தருகிறது. அன்று வரவில்லை என்று கூலியைப் பிடித்தால் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம்.

ஒரு தொகுதிக்கு மட்டுமே உரிய இப்படிப்பட்ட விடுமுறை கணினிக்குத் தெரியுமா? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வேலை பார்ப்பவர்களும் இதைக் கேட்டாக வேண்டிய காலம் இது. கைரேகை மெஷினில் விரல் வைப்பது இங்கே. சம்பளம் கணக்கிடும் மென்பொருள் வேறெங்கோ. விடுமுறை நாட்களை அறிய அப்படிப்பட்ட மென்பொருள்கள் நாடுவது ஆயத்த நிரல் நூலகங்களை. பைத்தான் மொழியில் ‘ஹாலிடேஸ்’ என்றே ஒன்று உண்டு. நாட்டுக்கு ‘ஐஎன்’, மாநிலத்துக்கு ‘டிஎன்’ என்று குறியீடு கொடுத்தால் அந்த ஆண்டின் பட்டியலைத் தந்துவிடும். இலவசம், நல்ல கருவியும்கூட. ஆனால் இந்தியாவைப் பொறுத்தவரை அது மாநிலத்தோடு நின்றுவிடுகிறது. சேலம் மாவட்டம், ஏற்காடு தொகுதி என்று இறங்கிக் கேட்க அதில் இடமில்லை.

மாநிலக் குறியீட்டை விட்டுவிட்டாலே சிக்கல்தான். 2018இல் நமக்குத் தீபாவளி நவம்பர் 6; வட இந்தியாவில் 7. பழைய பதிப்பை அப்படியே ஓட்டுவதும் ஆபத்து. தைப்பூசம் பொது விடுமுறை என்ற அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில், அந்த ஆண்டின் பட்டியல் வெளியான பிறகு. அதே மாதம் 28ஆம் தேதியே தைப்பூசம். மூன்று வாரத்துக்குள் புதுப்பிக்காத மென்பொருளுக்கு அது வேலை நாள்.

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையைத்தான் மலைமக்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலைக் கிராமமான நாகலூரிலிருந்து மனுவோடு புறப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்தால் அரசு அலுவலகம் பூட்டிக் கிடக்கும். பக்கத்திலேயே வங்கி திறந்திருக்கும். காரணம், உள்ளூர் விடுமுறை 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். ஆட்சியரின் அறிவிப்பில் அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியச் சட்டம் ஒன்றின்படி மனு கொடுக்க வேண்டிய கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால், அடுத்த வேலை நாளில் கொடுத்தாலும் செல்லும். பொதுப் பிரிவுகள் சட்டம், 1897, பிரிவு 10 என்று சொல்லிக் கேளுங்கள்.

உள்ளூர் விடுமுறை தனியார் நிறுவனங்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்து ஆண்டுக்கு 9 நாள், சம்பளத்தோடு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் சம்பளத்தோடு மாற்று விடுப்பும். ஏற்காடு கோடை விழாக் கூட்டத்துக்காக மே மாதம் முழுக்க ஓடியாடும் விடுதி ஊழியர்களில் எத்தனை பேர் மே 1க்கான இரட்டைச் சம்பளத்தைக் கேட்டிருப்பார்கள்? ‘சிஸ்டத்தில் இல்லை’ என்பது சட்டத்தின் முன் நிற்கும் பதில் அல்ல.

வாயால் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். தேதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். தீராவிட்டால் சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நூலகத்தில் தேதிகளை நாமே சேர்க்க வழி உண்டு. ஆண்டுதோறும் வரும் அரசாணையையும் ஆட்சியர் அறிவிப்பையும் தேர்தல் தேதியையும் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

மற்றவர்கள், அடுத்த சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் அந்த மாத விடுமுறைகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.